பிரைமரி இரவுகளில் டிவி விமர்சகர்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

வாக்குச்சீட்டு:
வணக்கம் நண்பர்களே. அமெரிக்க அதிபர் தேர்தலை 2004-லிருந்து விடாமல் கவனித்து வருகிறேன். நவம்பர் தேர்தலை விட, கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரிதான் எனக்குப் பிடித்தது. நியூ ஹாம்ப்ஷயரில் வாக்குப்பதிவு முழுவதும் முடியும்போது சென்னையில் காலை ஆறரை மணி. காபியும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன்.

ரொம்ப நாளாக ஒரு விஷயம் உறுத்துகிறது. நீளமான மேசை, அதைச் சுற்றி எட்டு விமர்சகர்கள். இவர் தேறுவார், அவர் கதை முடிந்தது என்று ஆளாளுக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள். தேர்தல் முடிந்த பிறகு சொன்னால் பரவாயில்லை. பிரைமரி ஒரே நாளில் முடிவதில்லை, மாநிலம் மாநிலமாக ஐந்து மாதம் போகிறது. அடுத்த வாரம் ஓட்டுப் போடப் போகிறவர் இந்த வாரம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் முதன்முதலில் பார்த்தது ஹோவர்ட் டீன் விவகாரம். 2003 கடைசியில் ஜனநாயகக் கட்சியில் அவர்தான் முன்னணி. 2004 ஜனவரி 19 அன்று அயோவாவில் மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டார். சோர்ந்திருந்த தொண்டர்களை உற்சாகப்படுத்த மாநிலங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக் கடைசியில் ஒரு கத்து கத்தினார். அவர் கையில் இருந்த மைக் அவர் குரலை மட்டும் வாங்கும், கூட்டத்தின் இரைச்சலை வாங்காது. அந்த அரங்கில் நின்றவர்களுக்கு அவர் குரலே சரியாகக் கேட்கவில்லை. டிவியில் பார்த்தவர்களுக்கோ ஒரு மனிதர் காரணமில்லாமல் அலறுவது போல இருந்தது. நான்கு நாட்களில் 633 முறை அதை ஒளிபரப்பினார்கள் என்று ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் 'அதிபருக்கான நிதானம் இவரிடம் இல்லை' என்று யாராவது ஒருவர் சொன்னார். இராக் போர் பற்றியும் மருத்துவக் காப்பீடு பற்றியும் அந்த மனிதர் ஒரு வருடமாகப் பேசியது எல்லாம் அதோடு போயிற்று.

டீன் அயோவாவில் தோற்றது கத்துவதற்கு முன்னால்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் எட்டு நாளில் நியூ ஹாம்ப்ஷயர் இருந்தது. அங்கே இருந்தவர்களுக்கு அவரைப் பற்றி வேறு எதையும் கேட்க வழியே இல்லாமல் போனது.

இந்த விமர்சகர்கள் சொல்வதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்? விரிவாக எழுதுங்கள்.

எண்ணும் எழுத்தும்:
நல்ல இழை. 2015-ஐ விட்டுவிட்டு இதைப் பேச முடியாது.

அந்த வருடம் ஜூலையில் ஏபிசி தொலைக்காட்சியின் ஞாயிறு காலை நிகழ்ச்சியில் மினசோட்டா எம்.பி. கீத் எலிசன், குடியரசுக் கட்சியின் வேட்பாளராக டிரம்ப்பே வரக்கூடும், அதற்குத் தயாராக இருங்கள் என்று சொன்னார். நெறியாளரும் உடன் இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தக் காட்சி இன்னும் இணையத்தில் கிடைக்கிறது. அதே மாதம் ஹஃபிங்டன் போஸ்ட், டிரம்ப் பற்றிய செய்திகளைப் பொழுதுபோக்குப் பிரிவில்தான் போடுவோம் என்று அறிவித்தது. டிசம்பரில் அரசியல் பக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வாஷிங்டன் போஸ்ட்டின் டேனா மில்பாங்க், டிரம்ப் வேட்பாளரானால் நான் எழுதிய இந்தப் பத்தியையே தின்கிறேன் என்று அக்டோபரில் எழுதினார். அடுத்த மே மாதம் சொன்னபடி தின்றார்.

புள்ளிவிவரம் வைத்துப் பேசுகிற நேட் சில்வர் கூட டிரம்ப்பின் வாய்ப்பைச் சுமார் 2 சதவீதம் என்றுதான் சொல்லியிருந்தார். பின்னர், கணக்கை விட்டுவிட்டு நானும் ஒரு விமர்சகரைப் போல நடந்துகொண்டேன் என்று அவரே நீளமான கட்டுரை எழுதினார். அந்த நேர்மைக்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. டிவியில் தவறாகச் சொன்னவர்களில் எத்தனை பேர் இப்படித் திரும்பி வந்து ஒப்புக்கொண்டார்கள்?

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வாயால் 'இவர் ஜெயிக்க மாட்டார்' என்று சொல்லிக்கொண்டே திரை முழுக்க அவரைத்தான் காட்டினார்கள். 2016 மார்ச் வரை அவருக்குக் கிடைத்த இலவச ஊடக வெளிச்சத்தின் மதிப்பு கிட்டத்தட்ட 200 கோடி டாலர் என்று நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. மார்ச் 15 இரவு ஜனநாயகக் கட்சியில் போட்டியிட்ட சாண்டர்ஸ் பேசிக்கொண்டிருந்தபோது மூன்று பெரிய கேபிள் செய்தி சேனல்களும் அதைக் காட்டவில்லை, டிரம்ப் எப்போது வருவார் என்று காத்திருந்தன. சி.பி.எஸ். தலைவர் லெஸ் மூன்வெஸ், இது அமெரிக்காவுக்கு நல்லதோ இல்லையோ, சி.பி.எஸ்.சுக்கு ரொம்ப நல்லது என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார்.

முதல் விவாத மேடையில் யார் நிற்பது என்பதையும் தேசியக் கருத்துக்கணிப்பின் சராசரியை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். 17 வேட்பாளர்களில் முதல் 10 பேர். டிவியில் அதிகம் வந்தவருக்குக் கணிப்பில் இடம், கணிப்பில் இடம் பிடித்தவருக்கு மேடை, மேடையில் நின்றவருக்கு மறுபடி டிவி. அந்த விவாதத்தை 2 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள்.

மறுபக்கம்:
நண்பர்களே, கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன். விமர்சகர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் 17 பேர், 2020-ல் இருபதுக்கும் மேல் வேட்பாளர்கள். வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஒருவர் இத்தனை பேரின் கொள்கை அறிக்கைகளையும் படித்து முடிவெடுக்க முடியுமா? யாராவது சலித்துக் கொடுக்கத்தான் வேண்டும்.

அவர்கள் எப்போதும் தவறுவதும் இல்லை. 2008 மே 6 இரவு, வட கரோலினா, இண்டியானா முடிவுகள் வந்ததும், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது என்று என்.பி.சி. விமர்சகர் டிம் ரஸ்ஸர்ட் சொன்னார். ஹிலாரி கிளின்டன் விலக இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆனால் கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் யார் பக்கம் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பார்த்த எவருக்கும் அவர் சொன்னது சரி என்று தெரியும். அவர் ஒபாமாவுக்காகவோ ஹிலாரிக்காகவோ அதைச் சொல்லவில்லை, கணக்கைச் சொன்னார்.

'யாரால் ஜெயிக்க முடியும்' என்ற கேள்வியை விமர்சகர்கள் மக்கள் மேல் திணிப்பதாகவும் நான் நினைக்கவில்லை. 2020-ல் பல மாநிலங்களில் ஓட்டுப் போட்டு வெளியே வந்த ஜனநாயகக் கட்சியினரிடம் கேட்டபோது பாதிக்கு மேல், கொள்கையில் ஒத்துப்போகிறவரை விட டிரம்ப்பை வீழ்த்தக்கூடியவரே வேண்டும் என்றார்கள். மக்களுக்கே அந்தக் கவலை இருக்கிறது.

அயோவாவாசி:
மறுபக்கம் அண்ணா, நீங்கள் சொல்லும் அந்தக் கவலையை நான் நேரில் பார்த்தேன். அது எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

நான் இருப்பது டெஸ் மாய்ன்ஸ் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். 2020 பிப்ரவரி 3 இரவு எங்கள் காகஸ் (பிரைமரிக்குப் பதிலாகக் கட்சிக்காரர்கள் ஓரிடத்தில் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம்) ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜனநாயகக் கட்சி காகஸில் அப்போது ரகசிய வாக்குச்சீட்டு கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் கூடத்தில் ஒரு மூலை, உங்களுக்குப் பிடித்தவரின் மூலையில் போய் நிற்க வேண்டும். ஒரு மூலையில் மொத்தக் கூட்டத்தில் 15 சதவீதம் சேரவில்லை என்றால் அங்கே நிற்பவர்கள் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம்.

என்னோடு காரில் வந்தவர் பக்கத்து வீட்டு அம்மா, ஓய்வு பெற்ற செவிலியர். எலிசபெத் வாரனின் குழந்தைகள் காப்பகத் திட்டத்தை எனக்குப் படித்து விளக்கியவரே அவர்தான். மகள் வேலையை விட்டதே பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல்தான், அதனால் அந்தத் திட்டம் அவருக்குச் சொந்த விஷயம். காரை நிறுத்தும்போது சொன்னார், 'எனக்கு வாரன்தான் பிடிக்கும். ஆனால் டிவியில் எல்லோரும் அவரால் ஜெயிக்க முடியாது என்கிறார்களே. பூட்டிஜெட்ஜ் பக்கம் நிற்கிறேன்.'

அந்த அம்மாவிடம் யாரும் கருத்துக்கணிப்பு எடுத்திருந்தால் 'ஜெயிக்கக்கூடியவர் வேண்டும்' என்ற கட்டத்தில்தான் டிக் போட்டிருப்பார். அது அவருடைய கவலைதான். ஆனால் வாரன் ஜெயிக்க மாட்டார் என்று முடிவு கட்டியது அவர் இல்லை.

அன்று இரவு முடிவுகளைத் தொகுக்கும் செயலி சொதப்பிவிட்டது. மணிக்கணக்காக ஒரு எண்ணும் வரவில்லை. வீட்டுக்கு வந்து டிவி போட்டால், எண்ணே இல்லாமல் யாருக்கு வேகம் கூடியிருக்கிறது என்று விவாதம் ஓடிக்கொண்டிருந்தது.

வாக்குச்சீட்டு:
அயோவாவாசி அக்கா, நன்றி. இப்படி ஒரு பதிவுக்காகத்தான் இழையையே தொடங்கினேன்.

திருவாரூர்க்காரன்:
எங்கள் மாவட்டத்துக்குத் தொடர்புடைய ஒன்று சொல்லலாமா? கமலா ஹாரிஸின் தாத்தா ஊர் துளசேந்திரபுரம், மன்னார்குடி பக்கம். அதனால் 2019 முழுக்க அவருடைய பிரச்சாரத்தைக் கவனித்தேன்.

ஜனவரியில் ஓக்லண்டில் சுமார் 20,000 பேர் கூட்டத்தோடு தொடங்கினார். அதற்கு முன்பே சி.என்.என். விமர்சகர்களின் வேட்பாளர் தரவரிசையில் முதலிடம் பிடித்திருந்தார். ஜூன் 27 மயாமி விவாதத்தில், பள்ளிகளில் இனப் பிரிவினையைப் போக்க மாணவர்களைப் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பும் விஷயத்தில் பைடனை நேருக்கு நேர் கேட்டார். அந்த இரவு எல்லா சேனலிலும் அவர்தான் வெற்றியாளர். கருத்துக்கணிப்பில் மளமளவென்று ஏறினார். ஜூலை கடைசியில் டெட்ராய்ட்டில், அரசு வழக்கறிஞராக அவர் செய்தவற்றைச் சக வேட்பாளர் துளசி கப்பார்ட் வரிசையாகக் கேட்டபோது சரியாகப் பதில் சொல்லவில்லை. இறங்குமுகம் தொடங்கியது. டிசம்பர் 3 அன்று, ஒரு ஓட்டும் விழுவதற்கு முன்பே, பணம் இல்லை என்று விலகினார்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், ஏற்றியபோதும் இறக்கியபோதும் பேசியது அந்தந்த இரவின் இரண்டு நிமிடக் காட்சியைப் பற்றித்தான். மருத்துவக் காப்பீட்டில் தனியார் நிறுவனங்களுக்கு இடம் உண்டா இல்லையா என்பதில் அவர் நிலைப்பாடு பலமுறை மாறியது. வாக்காளருக்கு அதைப் பொறுமையாக விளக்க ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம். அவரைத் தூக்கிவிட வேண்டும் என்று கேட்கவில்லை. சரியான காரணத்துக்காக அவரை நிராகரிக்கும் வாய்ப்பையாவது மக்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

எண்ணும் எழுத்தும்:
திருவாரூர்க்காரரே, கடைசி வரி மிகச் சரி.

மறுபக்கம் சொன்ன கணக்குக்கு வருகிறேன். ரஸ்ஸர்ட் பேசியது மே மாதத்தில், பெரும்பாலான பிரதிநிதிகள் முடிவான பிறகு. பிப்ரவரியில் பேசுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. 2020 ஜனநாயகக் கட்சியில் பிரைமரி மூலம் தேர்ந்தெடுக்கப்படும் பிரதிநிதிகள் 3,979 பேர். அயோவாவுக்கு 41, நியூ ஹாம்ப்ஷயருக்கு 24. இரண்டும் சேர்ந்து 65, மொத்தத்தில் 2 சதவீதம் கூட இல்லை. இந்த 65-ஐ வைத்துத்தான் பைடனின் கதை முடிந்தது என்று பேசினார்கள், அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது என்று.

வெற்றி தோல்வியைக் கூட விமர்சகர்களின் எதிர்பார்ப்பே தீர்மானிக்கிறது என்பதற்குப் பழைய கதைகள் உண்டு. 1968 நியூ ஹாம்ப்ஷயரில் அப்போதைய அதிபர் ஜான்சன் 49 சதவீதம், மெக்கார்த்தி 42. ஜெயித்தது ஜான்சன், அதுவும் வாக்குச்சீட்டில் பெயரே இல்லாமல், மக்கள் கையால் எழுதிப் போட்ட ஓட்டில். செய்தியில் அது மெக்கார்த்தியின் வெற்றி. 1972-ல் அதே மாநிலத்தில் மஸ்கி 46, மெக்கவர்ன் 37. ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த மஸ்கி, பாதி ஓட்டைத் தாண்டவில்லை என்று தோற்றவராக்கப்பட்டார். 1976 அயோவாவில் முதலிடம் பிடித்தது 'யாருக்கும் இல்லை' என்று நின்றவர்கள், 37 சதவீதம். 28 சதவீதம்கூட எட்டாத கார்ட்டர் வெற்றியாளராகத் திரையில் வந்தார். 1992-ல் நியூ ஹாம்ப்ஷயரில் எட்டுப் புள்ளி பின்தங்கி இரண்டாவதாக வந்த பில் கிளின்டனுக்கு மீண்டு வந்தவர் என்ற பெயர் கிடைத்தது. அந்தப் பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டவரும் அவரேதான். விமர்சகர்கள் அதை எடுத்து அப்படியே சொன்னார்கள்.

எனக்கு மனது ஆறாதது 2012. அயோவாவில் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்ததாக அன்று இரவே அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்துக் கட்சி சரிபார்த்தபோது சான்டோரம் 34 ஓட்டு முன்னால் இருந்தார். அதற்குள் நியூ ஹாம்ப்ஷயரே முடிந்திருந்தது. அந்த இரண்டு வாரத்தை அவருக்கு யார் திருப்பித் தருவது? அவருடைய அரசியல் எனக்குப் பிடிக்காது, ஆனாலும் இது அநியாயம்.

கூடாரம்:
யார் பேசுகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஜனநாயகக் கட்சிக்காரரான டோனா பிரசில் சி.என்.என்.னில் விமர்சகராக இருந்துகொண்டே 2016 பிரைமரியின்போது நிகழ்ச்சியில் கேட்கப்போகும் கேள்வியை முன்கூட்டியே கிளின்டன் தரப்புக்குத் தெரிவித்தது மின்னஞ்சல்களில் வெளிவந்தது. சேனல் உறவை முறித்துக்கொண்டது. டிரம்ப்பின் பிரச்சார மேலாளர் கோரி லெவன்டோவ்ஸ்கியை அந்த ஜூனில் நீக்கினார்கள், சில நாளிலேயே அதே சி.என்.என். அவரை விமர்சகராக எடுத்தது. பிரச்சாரக் குழுவிடமிருந்து அப்போதும் பணம் வந்துகொண்டிருந்தது. 2024 மார்ச்சில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த ரோனா மெக்டேனியலை என்.பி.சி. எடுத்தபோது, அந்த நிறுவனத்தின் நெறியாளர்களே நேரலையில் எதிர்த்ததால் சில நாளில் கைவிட்டார்கள்.

கட்சிக்காரர்கள் பேசக் கூடாது என்று சொல்லவில்லை. ஒபாமாவின் ஆலோசகர் ஆக்சல்ராட், பில் கிளின்டனின் ஆலோசகர் கார்வில் போன்றவர்கள் தேர்தல் நடத்தி ஜெயித்தவர்கள், அவர்கள் அனுபவம் மதிப்புள்ளது. ஆனால் திரையில் பெயருக்குக் கீழே 'அரசியல் விமர்சகர்' என்று மட்டும் போடாமல், இன்னாரிடம் சம்பளம் வாங்கினார் என்றும் போட வேண்டும்.

மறுபக்கம்:
கூடாரம் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அயோவாவாசி தங்கச்சி எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவில் அந்தக் கடைசிப் பத்தியையும் இனி அப்படி எழுத மாட்டேன்.

ஆனாலும் ஒன்று. 2020-ல் தென் கரோலினா என்ன செய்தது பார்த்தீர்களா? நெவாடாவில் சாண்டர்ஸ் ஜெயித்ததும் எம்.எஸ்.என்.பி.சி.யில் கிறிஸ் மேத்யூஸ் அதை 1940-ல் பிரான்ஸ் நாஜிகளிடம் வீழ்ந்ததோடு ஒப்பிட்டார். சாண்டர்ஸின் குடும்பத்தில் பலர் நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள். மேத்யூஸ் மன்னிப்புக் கேட்டார், வேறு புகார்களும் சேர அடுத்த வாரமே வேலையை விட்டார். திரையில் இவ்வளவு பதற்றம். பிப்ரவரி 26 அன்று தென் கரோலினாவின் மூத்த கறுப்பின எம்.பி. ஜிம் கிளைபர்ன் பைடனை ஆதரித்தார். பிப்ரவரி 29 அன்று அந்த மாநிலத்துக் கறுப்பின மக்கள், குறிப்பாக வயதானவர்கள், பைடன் பக்கம் நின்றார்கள், மாநிலம் முழுக்கப் பதிவான ஓட்டில் அவருக்குக் கிட்டத்தட்ட 49 சதவீதம் கிடைத்தது. அவர் கதை முடிந்தது என்று மூன்று வாரமாகக் கேட்டும் அவர்கள் அசையவில்லை. பைடனை நாற்பது வருடமாக அவர்களுக்குத் தெரியும். வேட்பாளரை நேரடியாகத் தெரிந்தவரிடம் டிவி எடுபடாது.

எண்ணும் எழுத்தும்:
உண்மை. ஆனால் அடுத்த மூன்று நாளையும் பாருங்கள் அண்ணா. பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் மார்ச் 3 சூப்பர் செவ்வாயில் பைடன் 14 மாநிலங்களில் 10-ஐ ஜெயித்தார். அவர் பெரிதாகப் பிரச்சாரமே செய்யாத மினசோட்டாவும் மாசசூசெட்ஸும் அதில் உண்டு. வாரன் தன் சொந்த மாசசூசெட்ஸில் மூன்றாவது. பூட்டிஜெட்ஜும் குளோபுஷாரும் விலகி ஆதரித்தது முக்கியக் காரணம், அதோடு 'பைடன்தான் இனி' என்று மூன்று நாள் இடைவிடாமல் கேட்டதும் ஒரு காரணம். தென் கரோலினாவில் எடுபடாத டிவி மாசசூசெட்ஸில் எடுபட்டது. பைடன் எனக்குப் பிடித்த வேட்பாளர், அதனால் இதை மறைக்க மனமில்லை.

அதே வாரத்தில் நடந்த இன்னொன்று. பிரைமரியில் நின்ற பெரும் பணக்காரர் புளூம்பெர்க் விளம்பரத்துக்குச் செலவழித்தது 50 கோடி டாலர், அமெரிக்காவின் மக்கள்தொகை 32 கோடியே 70 லட்சம், ஆளுக்கு 10 லட்சம் டாலர் கொடுத்திருக்கலாமே என்று ஒரு ட்வீட்டைத் திரையில் போட்டு, நெறியாளரும் நாளிதழ் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த விருந்தினரும் வியந்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 1 டாலர் 53 சென்ட். நிகழ்ச்சி முடிவதற்குள் திருத்தினார்கள். தவறு யாருக்கும் வரும். ஆனால் தயாரிப்பாளர், நெறியாளர், விருந்தினர், இத்தனை பேரில் ஒருவர்கூட வகுத்துப் பார்க்கவில்லை என்றால், மற்ற எண்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கவலை வருகிறது.

கூடாரம்:
பிலிப் டெட்லாக் என்ற பேராசிரியர் இருபது ஆண்டு காலத்தில் 284 நிபுணர்களின் அரசியல் கணிப்புகளைச் சேகரித்துச் சோதித்தார். ஊடகத்தில் அதிகம் தோன்றும் பிரபலங்களின் கணிப்பு மற்றவர்களுடையதை விட மோசமாக இருந்தது. 'ஆனால்', 'ஒருவேளை' என்று தயங்கிப் பேசுகிறவர்கள்தான் அதிகம் சரியாகச் சொன்னார்கள். தயங்குகிறவரை எந்த சேனல் மறுபடி கூப்பிடும்?

வாக்குச்சீட்டு:
அப்புறம், பேசாமல் விட்டதும் ஒரு கருத்துதான். 2024 பிரைமரியில் பைடனின் வயதைச் சொல்லி டீன் பிலிப்ஸ் என்ற மினசோட்டா எம்.பி. அவரை எதிர்த்து நின்றார். விமர்சகர்கள் அவரைப் பொருட்படுத்தவே இல்லை. மார்ச் 6 அன்று விலகினார். பைடன் தடுமாறிய ஜூன் 27 விவாதம் முடிந்த சில நிமிடங்களில், ஜனநாயகக் கட்சிக்குள் பெரும் பீதி என்று சி.என்.என். மேசையில் சொன்னார்கள். ஜூலை 21 அன்று பைடன் விலகினார். அந்தக் கேள்வியை வாக்காளர்கள் கையில் ஓட்டு இருந்த ஜனவரியிலேயே கேட்டிருக்க வேண்டாமா?

என் பழக்கத்தை மாற்றிக்கொண்டுவிட்டேன். பிரைமரி இரவில் இப்போது மாவட்ட வாரியான வரைபடத்தை மட்டும் பார்க்கிறேன், மேசைக்கு வந்தால் சத்தத்தை அணைத்துவிடுகிறேன்.

அயோவாவாசி அக்கா, ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். அந்தப் பக்கத்து வீட்டு அம்மா கடைசியில் எந்த மூலையில் நின்றார்?

அயோவாவாசி:
பூட்டிஜெட்ஜ் மூலையில்தான். முதல் எண்ணிக்கை முடிவாவதற்கு முன்பே வாரனின் மூலையில் 15 சதவீதத்துக்கு இரண்டு பேர் குறைவது தெரிந்தது. அந்த மூலையில் நின்ற இரண்டு இளம் பெண்கள் கூடம் முழுக்க ஆள் தேடி அலைந்தார்கள், எங்களிடமும் வந்தார்கள். அம்மா மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். அந்த மூலை கலைந்தது.

அவர் போயிருந்தாலும் ஒருவர் குறைவாகத்தான் இருந்திருக்கும். திரும்பி வரும்போது காரில் இதைத்தான் இரண்டு முறை சொன்னார். அதே காரணத்துக்காக வேறு மூலையில் நின்ற இன்னொருவர் அந்தக் கூடத்தில் இருந்தாரா என்று நான் கேட்கவில்லை.